அந்தக் கோடு நான் போட்டது

அனுப்புநர்:
நோயாளி எண் 4417-இன் கணவர்,
தையற்காரர், வயது 53,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு மருத்துவமனைகள் இயக்ககம்.

பொருள்: என் மனைவிக்கு அளிக்கப்பட்டுவந்த கதிர்வீச்சுச் சிகிச்சை பத்தொன்பதாம் நாளில் நிறுத்தப்பட்டது – முத்திரையிட்டு வைக்கப்பட்டுள்ள சிகிச்சைக் கோப்பின் நகலை வரும் வியாழக்கிழமை காலைக்குள் மருத்துவரிடம் வழங்க உத்தரவிடக் கோருதல் – தவறுக்குக் காரணமான கோட்டைப் போட்டவர் யார் எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. விசாரணைக் குழு அமைத்து மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பிறப்பித்த உத்தரவு. 2. நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரையுடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் நாட்களைத் தேதியிட்டு எழுதவில்லை. என் மனைவிக்குச் சிகிச்சை தொடங்கிய திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணியிருக்கிறேன். அவருக்கு இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான். இன்று செவ்வாய்க்கிழமை, முப்பத்தேழாம் நாள். சிகிச்சை நின்று பதினெட்டு நாட்கள் ஆகின்றன.

2. என் மனைவிக்கு வயது நாற்பத்தாறு. என் கடையிலேயே காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் அவர் வேலை. ஆறு மாதமாக இரத்தப்போக்கு இருந்தது. வயதுக் கோளாறு என்று அவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். அந்த ஆறு மாதத்துக்கு நான் யார் மீதும் புகார் சொல்ல முடியாது. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். பிறகு எம்ஆர்ஐ எடுத்தார்கள். கதிர்வீச்சுப் பிரிவின் மருத்துவர் அம்மையார் அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கருப்பை வாயில் இருந்த கட்டியைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார். "இடுப்பெலும்பு வரைக்கும் இன்னும் போகல. குணப்படுத்தற நோக்கத்தோடதான் ஆரம்பிக்கிறோம்" என்றார். இருபத்தைந்து நாள் வெளியிலிருந்து கதிர், நான்கு முறை உள்ளே கருவி வைத்துக் கதிர். இரண்டும் சேர்ந்து ஐம்பத்தாறு நாட்களுக்குள் முடிய வேண்டும், நாள் கூடக்கூட நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும் என்று விளக்கினார். "எட்டு வாரம். அதுல ஒரு நாள்கூட எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

3. சிகிச்சைக்கு முன் திட்டமிடுவதற்காக ஒரு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு தாங்கியை வைத்து, என் மனைவியை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் மூன்று சிவப்பு ஒளிக்கோடுகள் உடலில் விழும் இடத்தில், வயிற்றில் ஒன்றும் இரு இடுப்பிலும் ஒவ்வொன்றுமாக மார்க்கர் பேனாவால் கூட்டல் குறி போட்டார்கள். தினமும் அந்தக் குறிகளின் மேல் ஒளிக்கோடு விழுமாறு மேசையை நகர்த்தி வைத்தால், கதிர் கட்டியின் மேல் சரியாக விழும். வழக்கமாக அந்த இடத்தில் ஊசியால் மை ஏற்றி, அழியாத புள்ளி வைப்பார்களாம். அந்த மை இருப்பில் இல்லை. ஆகவே பேனாக் குறியின் மேல் கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளை ஒட்டி அனுப்பினார்கள். சிகிச்சை அட்டையில், "தொப்புளிலிருந்து கீழே 11 செ.மீ." என்று எழுதிக் கொடுத்தார்கள். படுத்த நிலையில் அளந்தது என்று அதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டிய தேவை அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கும் தெரியவில்லை.

4. காத்திருப்புக் கூடத்தின் சுவரில், எல்லோரும் பார்க்கும் உயரத்தில், ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. "குறிகளை அழித்துக்கொண்டு வருபவர்களுக்குச் சிகிச்சை நிறுத்தப்படும்." அதில் வேறு ஒன்றும் இல்லை. மங்கினால் யாரிடம் சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

5. முதல் பத்து அமர்வுகள் சரியாக நடந்தன. கதிர் இயந்திரத்தில் பணியாற்றிய டெக்னீஷியனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் இம்மனு அவரைப் பற்றியதும் ஆகும். ஒளிக்கோட்டுக்குக் கீழே நோயாளியைச் சரிசெய்யும்போது, "அரை மில்லி மேல வாங்க, அரை மில்லி" என்று அவர் ஓயாமல் சொல்வதால், காத்திருப்புக் கூடத்தில் அவருக்கு "அரைமில்லி" என்றே பெயர். அவர் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவர் கோபித்துக்கொண்டதில்லை. என் மனைவி அவரைத் தம்பி என்பார். அவர் என் மனைவியை அக்கா என்பார். முதல் வாரம் முடிவில், கரண்ட் வைப்பது (கதிர் கொடுப்பதற்கு அந்தக் கூடத்தில் அதுதான் பெயர்) எப்படி இருக்கிறது என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கேட்டதற்கு என் மனைவி, "மாமியார் மாதிரிதான். தொடவே தொடாது, சத்தம் போடாது, சுத்திச் சுத்தி வந்து பார்க்கும். வீட்டுக்குப் போனப்புறம்தான் சுட்டது தெரியும்" என்றார். அன்று அந்தக் கூடமே சிரித்தது. அரைமில்லியும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் வாரத்தில் இரத்தப்போக்கு நின்றது. மருத்துவர் அம்மையார் நல்ல அறிகுறி என்றார்.

6. அதே இரண்டாம் வாரத்தில், முட்டைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் குறிகள் அழிந்துவிட்டன என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், ஸ்கேனுக்கு வரிசை இருக்கிறது என்றார்கள். ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் கூடத்தின் நடுவில் நின்று, "வேர்வைக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டார். நானும் என் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7. பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மதியம் குளித்துவிட்டு வந்த என் மனைவி, வயிற்றில் இருந்த ஒட்டுத்தாள் உரிந்து துண்டோடு வந்துவிட்டதைக் காட்டினார். வயிற்றுக் குறி முழுவதும் போயிருந்தது. இடுப்புக் குறிகள் இரண்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தன. அவர் அழவில்லை. "ஒன்பது நாள்" என்று மட்டும் சொன்னார்.

நான் முப்பத்தோரு ஆண்டுகளாகத் தைக்கிறேன். உடம்பில் அளவெடுத்து, அளவைத் துணிக்கு மாற்றிக் கோடு போடுவதுதான் என் தொழில். என் கோடு தப்பியதாக ஒருவர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. அட்டையில் பதினோரு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. என்னிடம் டேப் இருந்தது, மார்க்கர் பேனாவும் இருந்தது. ஆகவே என் மனைவியிடம் நிமிர்ந்து நிற்கச் சொன்னேன்.

அவர், "அங்க படுக்க வச்சுதானே போட்டாங்க, படுத்துக்கவா?" என்று கேட்டார்.

"படுத்தா அளவு தப்பும். நில்லு" என்று நான் சொன்னேன்.

இதைக் குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்திலும் எழுதியிருக்கிறேன். மாற்றவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எங்கள் தொழிலில் யாரையும் படுக்க வைத்து அளவெடுப்பதில்லை. தொப்புளில் டேப்பை வைத்து, பதினோரு சென்டிமீட்டர் கீழே குறி போட்டேன். பிறகு இடுப்பைப் பார்த்தபோது, மங்கலாக மீதியிருந்த பழைய குறிகள் நான் போட்ட புதுக் குறியின் மட்டத்தில் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை விரல் கீழே இருந்தன. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். டெக்னீஷியன் அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். பாவாடையின் கீழ்மடிப்பை மட்டம் பார்ப்பதுபோல் மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய குறிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். வேலை முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். கோடு நன்றாக இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன்.

8. பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டாம் நாட்களில் என் மனைவிக்கு அந்தக் குறிகளின்படி கதிர் கொடுக்கப்பட்டது.

9. பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, மேசையில் படுத்த பிறகு அரைமில்லி கதிரைத் தொடங்கவில்லை. மேசை நிற்கும் இடத்தைச் சென்டிமீட்டரில் காட்டும் எண்ணைத் தினமும் தம் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அப்படி எழுத யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. முதல் இரண்டு வாரமும் 41.2 என்று இருந்த எண், அந்த வாரம் 43.1 என்று இருந்ததை அன்றுதான் பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுக் கண்டு வேலையை நிறுத்தினார். "அக்கா, இந்தக் கோடு யாரு போட்டது?" என்று கேட்டார். என் மனைவி பயந்துபோய், "நீங்கதானே தம்பி போட்டீங்க?" என்று சொல்லிவிட்டார். அரைமில்லி குறிப்பேட்டை மூடினார். கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலரையும் மருத்துவரையும் கூப்பிட்டார். அன்றே தம் கைப்பட, நான்கு நாட்கள் கதிர் இடம் மாறி விழுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிக் கொடுக்காமல் மேசையை மட்டும் சரியான எண்ணுக்கு நகர்த்தியிருந்தால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. என் மனைவியின் சிகிச்சையும் நின்றிருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை.

10. கதிர் பத்தொன்பது மில்லிமீட்டர் மேலே விழுந்திருப்பதாகவும், கட்டியின் கீழ்விளிம்புக்கு அந்த நான்கு நாளும் போதிய கதிர் சென்றிருக்காது என்றும் இயற்பியலர் என்னிடம் சொன்னார். இதை எப்படிக் கணக்கிட்டுச் சரிசெய்வது என்பதும் அவருக்குத் தெரியும். பழைய திட்டமும் ஸ்கேனும் கையில் இருந்தால் அரை நாளில் புதிய திட்டம் போட்டுவிடலாம் என்றார். அளவு எப்படித் தவறியது என்று, யாருக்கோ நடந்ததைக் கேட்பவன்போல் நான் கேட்டேன். "தோலும் ஒரு துணிதாங்க. நின்னா ஒரு மாதிரி விழும், படுத்தா ஒரு மாதிரி விழும்" என்றார். இதை ஒரு தையற்காரனுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

11. இருபத்திரண்டாம் நாள் கண்காணிப்பாளர் அவர்கள் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். கோப்பு, ஸ்கேன் தகடு, சிகிச்சை அட்டை மூன்றும் ஓர் உறையில் இடப்பட்டு, அரக்கு முத்திரை வைக்கப்பட்டன. கணினியில் இருக்கும் திட்டமும் யாரும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. மறுநாள் அரைமில்லி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மருத்துவரின் அனுமதி இல்லாமல் நோயாளியின் உடலில் குறியை மாற்றி வரைந்தார் என்பது அவர் மீதுள்ள குற்றச்சாட்டு.

12. அப்போதும் நான் பேசவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை. சுவரில் இருந்த அறிவிப்பு என் கண்முன் நின்றது. குறியை நாங்களே அழித்து நாங்களே போட்டோம் என்று தெரிந்தால், சிகிச்சையை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள் என்று நானும் என் மனைவியும் நம்பினோம். வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போதுகூட "அந்த ஞாயித்துக்கிழமை" என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

13. இருபத்தாறாம் நாள் மாலை அரைமில்லி என் கடைக்கு வந்தார். தைக்கக் கொடுப்பதற்கு அவர் கையில் துணி எதுவும் இல்லை. நான் தையல் மிஷினை விட்டு எழவில்லை. அவர், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எட்டு வாரக் கணக்கை எனக்கு மறுபடி சொன்னார். கோப்பு அடைபட்டுக் கிடந்தால் நாள் போய்விடும், எப்படியாவது மேலே எழுதிக் கேளுங்கள் என்றார். தம் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. போகும்போது, வெட்டு மேசையில் நான் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த கால்சட்டைத் துணியைச் சற்று நேரம் பார்த்தார். "நான் பதினாறு வருஷமா கோடு போடறேன் சார். இவ்வளவு நேரா ஒரு நாளும் வந்ததில்ல" என்றார். பிறகு போய்விட்டார். அவருக்குப் பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கிறது. குழுவுக்கு எழுதிய விளக்கத்தில், "குறியை நான் வரையவில்லை" என்ற ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். யார் வரைந்தது என்று தாம் நினைப்பதை அவர் எழுதவில்லை.

14. இருபத்தொன்பதாம் நாள் நான் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குச் சென்று, பிரிவு எழுத்தரிடம் நேரில் சொன்னேன். கோட்டைப் போட்டது நான்தான், இனி விசாரிக்க ஒன்றுமில்லை, கோப்பைத் திறந்துவிடுங்கள் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வாயால சொன்னா செல்லாதுங்க. எழுதிக் கொடுங்க" என்றார். மறுநாள் எழுதிக் கொடுத்தேன். முத்திரையிட்டு நகல் தந்தார். கோப்பு எப்போது திறக்கும் என்று கேட்டேன். குழு கூடும்போது என்றார். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். உறுப்பினர்களில் ஒருவர் வெளியூர்ப் பயிற்சியில் இருக்கிறார் என்று சொல்லி, நாட்காட்டியைப் புரட்டி ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டினார். அது ஐம்பத்தெட்டாம் நாள்.

ஐம்பத்தாறுக்குள் முடிய வேண்டிய சிகிச்சை என்று அவரிடம் விளக்கினேன். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா முத்திரைய வச்சவங்க பிரிக்கணும், இல்லன்னா அவங்களுக்கு மேல இருக்கறவங்க பிரிக்கச் சொல்லணும். இடையில இருக்கற எங்களால ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த அறிவுரையின்படியே இம்மனு தங்களிடம் வருகிறது.

15. வேறு மருத்துவமனைக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். முப்பத்திரண்டாம் நாள் போனோம். இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏற்கனவே எந்த இடத்துக்கு எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம நான் மேல கொடுத்தா, குடலும் சிறுநீர்ப்பையும் வெந்துடும். கோப்பக் கொண்டுவாங்க, அன்னைக்கே ஆரம்பிக்கிறேன்" என்றார். திரும்பி வரும் பேருந்தில் என் மனைவி, இத்தனை நாள் கழித்து நமக்கு ஒரு கோப்பு தேவைப்படும் என்று தெரிந்திருந்தால் நாலாவது வகுப்போடு நின்றிருக்க மாட்டேன், அதிகாரியாகியிருப்பேன் என்றார். அதற்கு நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

16. இரண்டாம் வாரத்தில் நின்ற இரத்தப்போக்கு முப்பத்தொன்றாம் நாள் மீண்டும் தொடங்கிவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த நிலையில்தான் என்னோடு இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். முப்பத்துமூன்றாம் நாள் காலை, கொல்லைப்புறக் குழாயடியில் அவர் கறை பட்ட துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது நானே பார்த்தேன். மருத்துவர் அம்மையார் பரிசோதித்துவிட்டு, கோப்பை விடுவிக்கக் கோரித் தாமும் இருமுறை எழுதியிருப்பதாகச் சொன்னார். முதல் முறை படத்தைக் காட்டியபோது சொன்ன "குணப்படுத்தற நோக்கத்தோட" என்ற சொற்களை இம்முறை அவர் சொல்லவில்லை என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம்.

17. என் தவறை மறைக்க இதை எழுதவில்லை. ஆயினும், குழுவின் விசாரணை வரம்பில் இல்லாத ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியவனாக இருக்கிறேன். அந்தக் கதிர் இயந்திரத்தின் பக்கவாட்டில் எக்ஸ்ரே படம் எடுக்கும் தட்டு ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, கதிர் கொடுப்பதற்கு முன் அதில் படம் எடுத்து, எலும்பு இருக்கும் இடத்தைத் திட்டத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். தோலின் மேல் இருக்கும் கோடு பொய் சொன்னாலும் எலும்பு பொய் சொல்லாது. அந்தத் தட்டு ஏழு வாரமாகப் பழுது. அதன்மேல் பச்சைத் துணி போர்த்திவைத்திருந்ததை என் மனைவி தினமும் மேசையில் படுத்தபடி பார்த்திருக்கிறார். பழுது நீக்கக் கோரி அரைமில்லி மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் என் கோடு தவறு என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் தவறு செய்தேன். அந்தத் தவறைப் பிடிக்க வேண்டிய கண்ணின் மேல் துணி போர்த்தியிருந்தது. இரண்டையும் சேர்த்து விசாரிக்கும்படி வேண்டுகிறேன்.

18. குழு தன் வேலையைத் தொடரட்டும். மூல ஆவணங்கள் முத்திரையோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது நகல்தான். கோப்பின் நகலும், ஸ்கேன் தகட்டின் நகலும், கணினியில் இருக்கும் திட்டத்தைப் பார்க்க இயற்பியலருக்கு அனுமதியும் கிடைத்தால் போதும். வரும் வியாழக்கிழமை, முப்பத்தொன்பதாம் நாள், மீண்டும் தொடங்கினால், மீதியுள்ள பதினோரு அமர்வுகளையும் உள்கதிரையும் இடையிடையே பொருத்தி ஐம்பத்தாறாம் நாளுக்குள் முடிக்க வழி இருக்கிறது என்று மருத்துவர் அம்மையார் தாளில் கட்டம் போட்டுக் காட்டினார். அந்தத் தாளையும் இணைத்திருக்கிறேன். அதில் ஒரு கட்டமும் காலியாக இல்லை.

டெக்னீஷியனை வேலையில் சேர்த்துக்கொள்ளவும், சுவரில் இருக்கும் அறிவிப்பை எடுத்துவிட்டு, "குறி மங்கினால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்" என்று எழுதி ஒட்டவும் வேண்டுகிறேன். அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வீட்டில் மார்க்கர் பேனா தேடும் கடைசி ஆள் நான் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் தங்களுக்கு நேரம் இல்லையென்றால், முதலில் கேட்டதை மட்டும் செய்யுங்கள். மற்றவை காத்திருக்கும். என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையும் காத்திருக்கும். குழு எந்த நாளில் அழைத்தாலும் வந்து, என்ன கேட்டாலும் பதில் சொல்லி, என்ன தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

19. நகல் வழங்குவதற்கு நோயாளியின் சம்மதம் தேவை என்பதால், இதற்கான படிவத்தில் என் மனைவி நேற்று கையெழுத்திட்டார். நான் இம்மனுவை எழுதுவது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. "உங்களப் பிடிச்சு உள்ள வச்சுட்டா என்னை யாருங்க கூட்டிட்டுப் போறது?" என்றார். பிறகு முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "படுத்துக்கவா" என்று அவர் கேட்ட இடம் வந்ததும் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. கடைசிப் பத்தியில் "விரைவில் ஆவன செய்யுமாறு" என்று நான் எழுதியிருந்தேன். அதற்கு அவர், "விரைவில்னு போடாதீங்க. அவங்க விரைவு வேற, நம்ம விரைவு வேற. கிழமையப் போடுங்க, மணியப் போடுங்க" என்றார்.

அதன்படி அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவியும் கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் இருப்போம். அவர் வெறும் வயிற்றோடு, சிகிச்சைக்கான உடையில், வயிற்றில் எந்தக் குறியும் இல்லாமல் வருவார். கூப்பிட்டால் உள்ளே போவார்.

மேலே எழுதியவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதிகூறி ஒப்பமிடுகிறேன்.

இடம்: கண்காணிப்பாளர் அலுவலக வராந்தா
நாள்: செவ்வாய்க்கிழமை, முப்பத்தேழாம் நாள்

(ஒப்பம்)
நோயாளி எண் 4417-இன் கணவர்

இணைப்பு:
1. நோயாளியின் சம்மதப் படிவம்.
2. எனது வாக்குமூலத்தின் நகல்.
3. மீதிச் சிகிச்சைக்கு மருத்துவர் போட்டுக் கொடுத்த நாள் கட்டம். வியாழக்கிழமை தவறினால் செல்லாது.